வாரண்டி இருந்தும் மதர்போர்டைக் கடைக்காரரும் வாங்க மாட்டேன் என்கிறார், சர்வீஸ் சென்டரும் வாங்க மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

கடைக்காரர் சர்வீஸ் சென்டரைக் கைகாட்டுகிறார், அங்கே போனால் "டீலர் மூலமா வாங்க சார்" என்கிறார்கள், போர்டு வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது, மூன்று வருட வாரண்டி என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது, இதில் யார் பொறுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். சர்வீஸ் சென்டர்தான். அந்த மூன்று வருடத்தைக் கொடுத்தது உற்பத்தியாளர், அவர் சார்பில் பொருளை வாங்கிப் பார்ப்பது சர்வீஸ் சென்டர். வாங்கிய புதிதில் பழுதானால் கடையிலேயே மாற்றிக் கொடுப்பார்கள். அந்த நாட்கள் தாண்டிய பிறகும் கடைக்காரர் வாங்கி அனுப்பிவைத்தால் அது பெரும்பாலும் அவருடைய நல்ல மனசு.

ஆனால் மல்லுக்கட்ட வேண்டிய இடம் இது இல்லை. நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் பழக்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு, அதனால் அவர்களுடைய வாரண்டி பஞ்சாயத்தும் கடைசியில் என் தலையில்தான் விடியும். நான் பார்த்தவரை, பொருளை யார் வாங்குகிறார்கள் என்பதைவிட, வாங்கும்போது கொடுக்கும் ஜாப் ஷீட் என்ற சீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்த ஒரு வரியைச் சரியாக எழுத வைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

முதலில் பந்தாடுவதை நிறுத்துங்கள். உற்பத்தியாளரின் இணையதளத்தில் சப்போர்ட் பகுதிக்குப் போய், போர்டிலோ பெட்டியிலோ இருக்கும் சீரியல் நம்பரைப் போட்டு, பில்லைப் பதிவேற்றி, நீங்களே ஒரு டிக்கெட், அதாவது புகார், போடுங்கள். எந்த சென்டரில் கொடுக்க வேண்டும் என்று பதில் மெயிலில் வரும். அந்த மெயிலோடு போனால் "டீலர் மூலமா வாங்க" என்ற பேச்சு பெரும்பாலும் எழாது. நாம் "கம்பெனி" என்று நினைத்துப் பேசுகிறவர் பல நேரம் கம்பெனி ஆளே இல்லை. பல பிராண்டுகளுக்கு இந்தியாவில் இறக்குமதியாளரோ ஒப்பந்த ஏஜென்சியோதான் சர்வீஸ் பார்க்கிறார்கள். ஒரே கவுண்டரில் நாலைந்து பிராண்டு வாங்குவார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பையனுக்கு உங்கள் மேல் எந்தக் கோபமும் கிடையாது. கம்பெனி கொடுத்த ஒரு பட்டியல் அவன் முன்னால் இருக்கிறது: பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில் பின் வளைவு, தீய்ந்த தடம், துரு, தண்ணீர் பட்ட கறை, கிழிந்த சீரியல் ஸ்டிக்கர். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் உங்கள் கேஸ் அங்கேயே முடிந்தது.

டிக்கெட் போடும் முன் பழுது போர்டில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வேறு எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள், ஒரே ஒரு ராம் மட்டும் போட்டுப் பாருங்கள். இப்போது வரும் பல போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும், எது எரிந்தபடியே நிற்கிறது என்று போனில் வீடியோ எடுங்கள், சீரியல் ஸ்டிக்கரும் அதே வீடியோவில் தெரிய வேண்டும். விட்டுவிட்டு வரும் பழுது என்றால் இந்த வீடியோ இல்லாமல் போகவே போகாதீர்கள். "செக் பண்ணோம், நல்லா ஓடுது" என்று திருப்பிக் கொடுப்பது ரிஜெக்ட் செய்வதைவிடக் கொடுமை, ஏனென்றால் அதை எதிர்த்துப் பேச நம் கையில் ஒன்றும் இருக்காது.

நடுவில் ஒன்று. உங்களுடையது இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸராக இருந்து, கேம் ஆடும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று எரர் வந்து மூடிக்கொண்டால், போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் கழற்றுவதற்கு முன் பிராசஸரைச் சந்தேகப்படுங்கள். அந்தத் தலைமுறைகளில் கூடுதல் வோல்டேஜால் சிப் கெடும் பிரச்சினை இருந்ததை இன்டெல்லே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டில் பெட்டியில் விற்ற பிராசஸர்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் கூட்டி ஐந்து வருடமாக்கியது. பெட்டி இல்லாமல் டிரேயில் வந்ததை மலிவாக வாங்கியிருந்தால் அதற்கு விற்றவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

சரி, போர்டுதான் என்று தெரிந்துவிட்டது. இனிமேல்தான் முக்கியமான கட்டம்.

தஞ்சாவூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவருடைய போர்டு, கல்யாண சீசனில், ஆல்பம் வேலைக்கு நடுவில் செத்துப்போனது. திருச்சியில் ஒரு சென்டரில் கொடுக்கச் சொல்லி மெயில் வந்தது, நானும் கூடப் போனேன். கவுண்டரில் இருந்த தம்பி போர்டை வாங்கி, சாக்கெட் மேலிருந்த கறுப்பு மூடியைக்கூடக் கழற்றாமல் "டெட், பிசிக்கல் செக் பெண்டிங்" என்று எழுதினார். இந்த "பெண்டிங்" என்பதில்தான் ஆபத்து. அப்படி எழுதி வாங்கிவிட்டால், பிறகு எங்கே எவர் கையில் பின் வளைந்தாலும் அது நம் கணக்கில்தான் சேரும். மூடியைக் கழற்றி இப்போதே பார்த்து எழுதுங்கள் தம்பி என்றேன். "லேப்லதான் சார் பாப்பாங்க" என்றார். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், நண்பருக்கு ஒரே சங்கடம், என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். நான் நகரவில்லை. கடைசியில் கவுண்டர் தம்பியே லென்ஸை எடுத்துப் பார்த்து "பின் ஓகே, துரு இல்லை" என்று எழுதி சீல் வைத்துக் கொடுத்தார்.

பின் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் பேருக்கு ஏற்றபடி 1,700 பின், ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் 1,718, எல்லாம் மயிரிழை மாதிரி. போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு போர்டை மெல்லச் சாய்த்தால் வரிசை வரிசையாக ஒரே மாதிரி மினுக்கும். வளைந்த பின் இருக்கும் இடத்தில் மட்டும் அந்த மினுக்கல் விட்டுப்போயிருக்கும், இல்லை வேறு கோணத்தில் அடிக்கும். வீட்டிலேயே இப்படி இரண்டு மூன்று பக்கத்திலிருந்து படம் எடுத்துக்கொண்டு, உடனே மூடியைப் போட்டுவிடுங்கள். போர்டோடு வந்த அந்தப் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? அது இல்லாமல் பல இடங்களில் வாங்கவே மாட்டார்கள். பழைய போர்டு வைத்திருப்பவரிடம் அதே சாக்கெட் மூடி ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட் என்றால் இந்தத் தொல்லை இல்லை, அதில் பின் எல்லாம் பிராசஸரில்தான் இருக்கும்.

நண்பர் கதைக்கு வருகிறேன். கொஞ்ச நாள் கழித்து போன், "சார், பின் பெண்ட் ஆயிருக்கு, ரிஜெக்ட் ஆயிடுச்சு, வந்து எடுத்துக்கோங்க." நண்பர் ஜாப் ஷீட் படத்தையும் வீட்டில் எடுத்த படங்களையும் டிக்கெட் மெயிலுக்கே பதிலாக அனுப்பினார். போனில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்களிடமிருந்தும் சில நாள் சத்தமே இல்லை. அப்புறம் "ரீப்ளேஸ்மென்ட் அப்ரூவ்ட்" என்று மெயில் வந்தது. யார் கையில் அந்தப் பின் வளைந்தது என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

துரு விஷயத்தில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. திருவான்மியூரிலோ தூத்துக்குடியிலோ கடலைப் பார்த்த வீட்டில் இருப்பவர்களுக்கு, உப்புக் காற்றில் போர்டின் பின்பக்கப் போர்ட்டுகள் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும், அதற்கு அவர்கள் என்ன செய்ய முடியும்? ஆனால் வாரண்டி விதியில் துரு என்றால் துருதான். தூசியைப் பிரஷ்ஷால் தட்டிக் கொடுங்கள், அது தப்பில்லை. துருவைச் சுரண்டப் போகாதீர்கள், சுரண்டிய கோடு தெரிந்தால் நீங்கள் எதையோ நோண்டியதாகிவிடும்.

"இந்த ஸ்டிக்கரை எடுத்தால் வாரண்டி இல்லை" என்று ஒட்டியிருப்பது செல்லாது என்று இணையத்தில் படித்துவிட்டுப் போய்ச் சிலர் வாதாடுகிறார்கள். அது அமெரிக்கக் கதை. 1975ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை வைத்து, 2024 ஜூலையில்கூட ஏஎஸ்ராக், ஜிகாபைட், ஸோட்டாக் நிறுவனங்களுக்கு அங்கே வணிக ஆணையம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. திருச்சி கவுண்டரில் அதைச் சொன்னால் தண்ணீர் குடிக்கிறீர்களா சார் என்றுதான் கேட்பார்கள்.

பில் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் "பில் வேணாம்னா ரேட் கம்மி" என்று 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சம் பிடித்துத் தரும் கடைகள் உண்டு, அந்த மிச்சம் பழுது வரும் நாளில் போய்விடும். பில்லில் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும், இல்லை என்றால் எழுதி சீல் வைக்கச் சொல்லுங்கள். வெப்பத்தாளில் அடித்த பில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்து உங்களுக்கே மெயில் போட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது பிராசஸர், ராம், எம்.2 எஸ்எஸ்டி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வெறும் போர்டை மட்டும் கொடுங்கள். எஸ்எஸ்டியே பழுதாகி அதைக் கொடுப்பதாக இருந்தால், உள்ளே இருந்த பைல்களை மறந்துவிட வேண்டியதுதான், பெரும்பாலும் வேறொரு டிரைவ்தான் திரும்பி வரும்.

இழுத்தடித்தால் என்ன செய்வது? போனில் பேசுவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் மெயிலில் கேளுங்கள், எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, காசு கிடையாது. அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் நிறுவனமாக இருந்தால் புகார் நேராக அந்த நிறுவனத்துக்கே போகும், கவுண்டரைத் தாண்டிவிடலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, 2025 ஜனவரியிலிருந்து இ-ஜாக்ரிதி தளத்தில் இருந்த இடத்திலிருந்தே தாக்கல் செய்யலாம், இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். கடைக்காரரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம். பத்தாயிரம் ரூபாய் போர்டுக்காக அவ்வளவு தூரம் போகச் சொல்ல எனக்கு மனசு வராது, கிராபிக்ஸ் கார்டு என்றால் தயங்காமல் போங்கள்.

மாற்றிக் கொடுக்கிறோம் என்று சொன்ன பிறகும் அசந்துவிடாதீர்கள். நண்பருக்கு முதலில் "உங்க மாடல் ஸ்டாக் இல்ல, அதைவிடப் புதுசு தர்றோம்" என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. அவருடையது டிடிஆர்4 ராம் போடும் பி660 போர்டு, தருவதாகச் சொன்னது டிடிஆர்5 போடும் பி760. பிராசஸர் உட்காரும், இருக்கும் ராம் உட்காராது. அதை வாங்கியிருந்தால் ராமுக்குத் தனியாகப் பணம் போட வேண்டும். டிடிஆர்4 போர்டுதான் வேண்டும் என்று எழுதிக் கேட்டு வாங்கினோம். இன்னொரு பழக்கமும் உண்டு, பயன்படுத்திய காலத்துக்குக் கழித்துக்கொண்டு மீதிக்கு கிரெடிட் நோட் (பணமாக இல்லாமல், அடுத்து வாங்கும்போது கழித்துக்கொள்ளும் சீட்டு) தருவார்கள். எவ்வளவு கழிக்கிறார்கள், எந்த விதிப்படி என்று எழுத்தில் வாங்காமல் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

வருவது பெரும்பாலும் பழுது பார்த்த போர்டாகத்தான் இருக்கும், பெட்டியும் இருக்காது, போர்ட்டுகளைச் சுற்றி கேபினெட்டில் மாட்டும் பின்பக்கத் தகடும் இருக்காது, ஆகவே உங்களுடையதைக் கொடுத்துவிடாதீர்கள். கையெழுத்துப் போடும் முன் அங்கேயே டார்ச் அடித்துப் பின்னைப் பார்த்துவிடுங்கள். அப்புறம் சீரியல் நம்பர். நண்பருக்கு வந்த போர்டின் நம்பரைத் தளத்தில் போட்டால் வாரண்டி முடிந்துவிட்டதாகக் காட்டியது, அது வேறு யாரோ எப்போதோ வாங்கிய போர்டின் நம்பர், பில்லில் இருப்பதோ பழைய நம்பர். பழைய சீரியலுக்குப் பதிலாக இந்தச் சீரியல் கொடுக்கப்பட்டது, மீதி வாரண்டி இந்தத் தேதி வரை என்று அதே டிக்கெட்டில் மெயில் கேட்டு வாங்கினோம். அதைக் கேட்காமல் போர்டை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால், அடுத்த முறை பழுதாகும்போது உங்கள் கையில் இருக்கும் பில் வேறு ஏதோ போர்டுக்கான பில்.