கண்ணை மூடிக்கொண்ட ஆட்டக்காரர்கள்

கேள்வி: என் அண்ணன் மகன் பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு, திகில் விளையாட்டு எழுதப்போகிறேன் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். கம்ப்யூட்டர் விளையாட்டுகூட இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியே ஆடுவதாம். கேட்டால், ‘திகில் விளையாட்டு எழுதிப் பெயர் வாங்கிய சாண்டி பீட்டர்சனும் விலங்கியல்தான் படித்தார்’ என்கிறான். நாலு பேயையும் கொஞ்சம் ரத்தத்தையும் காட்டினால் யார்தான் பயப்படமாட்டார்கள்? இதற்குத் திறமை என்று பெயரா? இதெல்லாம் ஒரு தொழிலா?
– வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: பேயையும் ரத்தத்தையும் காட்டினால் பயம் வந்துவிடும் என்கிறீர்கள். சினிமாவில் வரலாம். அங்கே இருட்டு இருக்கிறது, இசை இருக்கிறது. மேசை விளையாட்டில் என்ன இருக்கிறது? டியூப்லைட் எரிகிறது. நாலு நண்பர்கள் முறுக்கு கடித்துக்கொண்டு ஒருவரையொருவர் கிண்டலடிக்கிறார்கள். ஒருவர் கதையைச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக ‘நான் கதவைத் திறக்கிறேன்’, ‘நான் ஓடுகிறேன்’ என்று பதில் சொல்கிறார்கள். முடியுமா முடியாதா என்பதைப் பகடை சொல்கிறது. அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தில், அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு ஆளை நடுங்கவைத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்து எழுத்துத் தொழிலில் இதைவிடக் கடினமான வேலை அதிகம் இல்லை.

உங்கள் பையன் சொன்ன பீட்டர்சனையே எடுத்துக்கொள்வோம். 1974-இல் அமெரிக்காவில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்து இந்த விளையாட்டு வகையைத் தொடங்கிவைத்தது. அதில் அரக்கன் வந்தால் வாளை உருவுவார்கள். கொன்றால் புதையல், புதையலோடு கூடுதல் பலம். ஆட ஆட ஆள் வலுவாகிக்கொண்டே போவான். அரக்கனைப் பார்த்தால் ஆட்டக்காரனுக்கு நாக்கில் எச்சில் ஊறுமே தவிர, பயம் வராது. பீட்டர்சனோ எழுத்தாளர் லவ்கிராஃப்டின் தீவிர வாசகர். அந்தக் கதைகளில் மனிதன் ஜெயிப்பதில்லை. பார்க்கக்கூடாததைப் பார்க்கிறான், சித்தம் கலங்கிப் போகிறான். கிரெக் ஸ்டாஃபோர்ட் நடத்திய கேயாஸியம் என்ற கலிஃபோர்னியா நிறுவனத்துக்கு, லவ்கிராஃப்டின் கனவுலகக் கதைகளை அவர்களுடைய ரூன்குவெஸ்ட் விளையாட்டுக்கு ஒரு துணைநூலாக எழுதித் தருகிறேன் என்று கேட்டார். அவர்கள் ஒரு முழு விளையாட்டையே அவர் கையில் கொடுத்தார்கள். 1981-இல் ‘கால் ஆஃப் குதுலு’ வந்தது.

அதன் உயிர் ஒரே ஒரு எண்ணில் இருக்கிறது. உடல்வலிமைக்குப் புள்ளி கொடுப்பதுபோல, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சித்தத் தெளிவுக்கும் புள்ளி உண்டு. 50 புள்ளி இருக்கிறது என்று வையுங்கள். பிணத்தைப் பார்த்தாலும் சரி, அதைவிடக் கொடியதைப் பார்த்தாலும் சரி, நூறுவரை எண் விழும் பகடையை உருட்ட வேண்டும். 50-க்குள் விழுந்தால் தப்பித்தீர்கள். மேலே போனால் புள்ளி குறையும். புள்ளி குறைந்ததால் அடுத்த முறை தப்பிப்பது இன்னும் கடினம். லவ்கிராஃப்ட் கதைகளில் வரும் குதுலு என்ற பூதத்தையே நேரில் கண்டால், பகடையில் தப்பினாலும் 10 புள்ளிவரை போகும். தவறினால் 100 வரை போகலாம். ஆட்டம் நகர நகர ஆள் வலுவிழந்துகொண்டே வருகிறான். முன்பிருந்த விளையாட்டுக்கு இது நேர்த்தலைகீழ்.

இன்னொரு விதியும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இப்படிப்பட்ட பூதங்களைப் பற்றிய அறிவு ஒரு திறனாகவே கணக்கிடப்படுகிறது. அந்த அறிவு எவ்வளவு ஏறுகிறதோ, சித்தத் தெளிவின் உச்சவரம்பு அவ்வளவு இறங்கும். பழைய நூலைப் படித்தால்தான் பூதத்தைத் தடுக்கும் வழி தெரியும். படித்தாலோ, இழந்த தெளிவு முழுதாகத் திரும்பாது. படிப்பதா வேண்டாமா என்று மேசையைச் சுற்றி நாலு பேர் குரல் தாழ்ந்து வாதாடுவார்கள். இங்கே ஒரு துளி ரத்தம் இருக்கிறதா, சொல்லுங்கள்!

முதல் சோதனை ஆட்டத்தில் நடந்ததைப் பீட்டர்சனே சொல்லியிருக்கிறார். ஆட்டக்காரர்கள் ஒரு மந்திரத்தைச் சொல்லி ஏதோ ஒன்றை வரவழைக்கிறார்கள். அது வரும் நேரத்தில் ஒருவர் ‘நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்’ என்கிறார். இன்னொருவர் ‘நான் திரும்பி நின்றுகொள்கிறேன்’ என்கிறார். அரக்கனைப் பார்க்காமல் இருக்கத் தவிக்கும் ஆட்டக்காரர்களை அவர் அதுவரை கண்டதில்லை. கண்ணை மூடு என்று எந்த விதியும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஒரு எண் சொல்லாமல் சொன்னது. இதைத் திறமை என்று சொல்லாமல் வேறு என்ன பெயரில் அழைப்பது?

சரி, தொழிலா என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கே உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. உங்கள் பையன் அந்த மனிதரின் பாதி வாழ்க்கையைத்தான் சொல்லியிருக்கிறான். பீட்டர்சன் மேசை விளையாட்டிலேயே உட்கார்ந்துவிடவில்லை. 1980-களின் இறுதியில் கம்ப்யூட்டர் விளையாட்டுப் பக்கம் போனார். மைக்ரோப்ரோஸ் நிறுவனத்தில் இருந்தார். 1993-இல் இட் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் சேர்ந்தபோது, பிசாசுகளைச் சுட்டுத்தள்ளும் டூம் ஆட்டம் வெளிவரச் சில வாரங்களே இருந்தன. அந்த ஆட்டத்தின் இரண்டாம், மூன்றாம் பகுதிகளில் பெரும்பாலான கட்டங்கள் அவர் கைபட்டவை. சில, அங்கே முன்பு வடிவமைப்பாளராக இருந்த டாம் ஹால் விட்டுப்போன வரைவுகளை அவர் திருத்தி முடித்தவை. பீட்டர்சன் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பக்திமான். ஆட்டத்தில் பிசாசுகள் வருவது உறுத்தவில்லையா என்று கேட்டபோது, அவைதானே கெட்டவர்கள் என்று பதில் சொன்னார். 1996-இல் அதே நிறுவனத்திலிருந்து வந்த குவேக் ஆட்டத்தின் கடைசி எதிரி ஷப் நிகுராத், லவ்கிராஃப்ட் உலகத்துப் பெயர். அப்புறம் 1997 முதல், 2009-இல் மூடப்படும்வரை என்செம்பிள் ஸ்டுடியோஸில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் வரிசையில் வேலை. அது திகில் ஆட்டமே இல்லை, ராஜ்யங்கள் மோதும் போர் ஆட்டம்.

அதாவது, திகில் ஆட்டம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. பிற்பாடு மாதச் சம்பளம் வேறிடத்திலிருந்து வந்தது. 2013-இல்தான் ‘குதுலு வார்ஸ்’ என்ற பலகை ஆட்டத்துக்குக் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளம் வழியாக ரசிகர்களிடம் முன்பணம் கேட்டார். 14 லட்சம் டாலர் சேர்ந்தது. முதல் ஆட்டம் வந்து 32 ஆண்டுகள் கழித்து! இதே முன்பண முறையில் கேயாஸியம் மாட்டிக்கொண்டதையும் சொல்ல வேண்டும். சொன்ன தேதிக்குப் புத்தகங்கள் போய்ச் சேரவில்லை, பணம் நெருக்கியது. 2015-இல் ஸ்டாஃபோர்டும் பீட்டர்சனும் திரும்பி வந்து நிறுவனத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பெட்டி அச்சடிக்கும் செலவையும் கப்பல் கூலியையும் தெரிந்துகொள்ளாமல் இந்தத் தொழிலில் இறங்கக்கூடாது. ஆனால் ‘கால் ஆஃப் குதுலு’ இன்றும் அச்சில் இருக்கிறது. ஜப்பானில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸைவிட இதை ஆடுகிறவர்களே அதிகம்.

ஆகவே வேலையைத் தேடிக்கொள், எழுதுவதையும் விடாதே என்று பையனிடம் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: எழுதியதை இதுவரை யாரையாவது ஆடவைத்துப் பார்த்தானா? இல்லை என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரைக் கூப்பிடச் சொல்லுங்கள். நாலாவது ஆளாக நீங்களே உட்காருங்கள். விளக்கை அணைக்க வேண்டாம்.