கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற கணினி விளையாட்டில் ரொக்கெட் 250 கிலோமீற்றர் உயரம் போயும் திரும்பி விழுகிறது. சுற்றுப்பாதையில் நிறுத்துவது எப்படி?

தயவுசெய்து எரிபொருளைக் கூட்டாதீர்கள். எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள் எல்லாரும் "இன்னும் ரெண்டு பூஸ்டர் கட்டுங்கள்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். விளையாட்டில் நாம் ஏவுகிற கிரகமான கெர்பினில் வளிமண்டலம் 70 கிலோமீற்றரோடு முடிந்துவிடும். நீங்கள் 250 போயிருக்கிறீர்கள், உயரம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. பக்கவாட்டு வேகம்தான் இல்லை. நேரே மேலே விட்டுவிட்டு, உச்சிக்குப் போன பிறகு இனி என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள், சரியா?

என் அக்காவின் மகன் அச்சாக இதையேதான் செய்தான். ஏ.எல். கணிதப் பிரிவு, வெள்ளவத்தையில் எங்களுக்கு இரண்டு மாடி கீழே இருக்கிறார்கள். அக்கா வீட்டில் கேம் விளையாட விடமாட்டார் என்பதால் சனிக்கிழமை டியூசன் முடிந்ததும் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுவான். அவன் கட்டியிருந்த ரொக்கெட்டைப் பார்க்க வேண்டுமே, ஆடிவேல் தேர் மாதிரி சுற்றிவரப் பூஸ்டர், அதற்கு மேலே இன்னொரு சுற்று. 300 கிலோமீற்றருக்கு மேலே போய், ஒரு கணம் நின்று, அப்படியே கீழே வந்தது. "மேல போனா ஈர்ப்பு இல்லைத்தானே மாமா, ஏன் விழுது?" என்று கேட்டான். பௌதிகவியலில் நல்ல புள்ளி எடுக்கிற பெடியன் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது.

விடையை நான் சொல்லவில்லை. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீற்றரில் போகிறது, அங்கே புவியீர்ப்பு ஆர்முடுகல் எவ்வளவு என்று நீயே கணக்குப் போடு என்றேன். பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் 6400ஐ 6800ஆல் வகுத்து வர்க்கித்துப் பார்த்தான். 0.89க்குக் கிட்ட வந்தது. தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு அங்கேயும் இருக்கிறது! அப்புறம் எறியம் பாடத்துக்கு வந்தோம். கிடையாக எறிந்த பந்து எங்கே விழும் என்ற கணக்கைத் தூக்கத்தில் கேட்டாலும் செய்வான், ஆனால் அந்தக் கணக்கில் தரை எப்போதும் தட்டையாக இருக்கும். "பந்து விழுகிற அளவுக்குத் தரையும் வளைந்து கீழே போய்க்கொண்டிருந்தால்?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அது விழுந்துகொண்டே இருக்கும், ஆனா தரை அம்பிடாது" என்றான். அவ்வளவுதான் விஷயம். 2019 ஜூனில் நமது ராவணா-1 செய்மதியை அந்த நிலையத்தில் இருந்து வெளியே விட்டார்களே, ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடிய பெட்டி, அதை வேகப்படுத்தத் தனியாக ரொக்கெட் எதுவும் தேவைப்படவில்லை, ஏனென்றால் நிலையமே வினாடிக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. கெர்பின் சின்னக் கிரகம், ஆரை 600 கிலோமீற்றர்தான், ஆகவே 80 கிலோமீற்றர் உயரத்தில் வினாடிக்கு 2,280 மீற்றர் போதும். ஏவுதளம் இருப்பது மத்திய கோட்டில். கிழக்கே போனால் கிரகத்தின் சுழற்சியே உங்களுக்கு வினாடிக்கு 175 மீற்றர் வேகத்தை இலவசமாகத் தரும். நம்பாவிட்டால் ரொக்கெட் சும்மா தரையில் நிற்கும்போது வேகம் காட்டும் இடத்தை ஓபிட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

அந்தத் தேரைக் கலைத்துவிட்டுக் கட்டியது இதுதான்: கீழே ஒரு ஸ்விவல் எஞ்சின், அதற்கு எஃப்.எல்.-டி400 எரிபொருள் தாங்கி மூன்று, அடியில் செட்டைகள். பிறகு டிகப்ளர், அதாவது எரிந்து முடிந்த கீழ்ப்பகுதியைக் கழற்றிவிடும் பாகம். அதற்கு மேலே ஒரு டெரியர் எஞ்சின், ஒரு 400 தாங்கி, வெப்பக் கவசம், ஓராள் கூடு, உச்சியில் பரசூட். மொத்த டெல்ட்டா-வி, அதாவது இருக்கிற எரிபொருளில் ரொக்கெட் மாற்றக்கூடிய வேகம், வினாடிக்கு 3,400 மீற்றர் வந்தால் போதும், இதில் அதற்கு மேலேயே வரும். (நான் 3,200இலேயே செய்வேன் என்று யாராவது பின்னூட்டத்தில் வருவீர்கள். தெரியும் ஐயா. இது முதன்முதலில் விடுகிறவருக்கு எழுதுகிறேன்.) கூட்டுக்குள் யார் இருக்கிறார் என்றும் பாருங்கள். விளையாட்டு தருகிற ஆட்களில் ஜெப், வலன்டினா இருவரும் விமானிகள், ரொக்கெட்டை ஆடாமல் பிடித்து வைக்கும் எஸ்.ஏ.எஸ். வேலை செய்யும். பொப் விஞ்ஞானி, அவரை மட்டும் ஏற்றிவிட்டு ரொக்கெட் ஆடுகிறது என்று அழக்கூடாது.

மேலெழும்பி வேகம் வினாடிக்கு 60, 70 மீற்றர் வந்ததும் கிழக்கே ஐந்து பாகை சரியுங்கள். அதன்பிறகு ரொக்கெட் போகும் திசையைக் காட்டும் புரோகிரேட் அடையாளத்தை ஒட்டியே போங்கள், 10 கிலோமீற்றர் உயரத்தில் 45 பாகை அளவில் சரிந்திருந்தால் நல்லது. அடர்ந்த காற்றுக்குள் அடையாளத்தை விட்டு விலகித் திருப்பினால் ரொக்கெட் குத்துக்கரணம் அடிக்கும், செட்டையும் காப்பாற்றாது. மெப்பில் அப்போஅப்சிஸ், அதாவது பாதையின் உச்சி, 80 கிலோமீற்றர் காட்டியதும் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். சும்மா மிதந்து போங்கள், இந்த இடத்தில்தான் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். உச்சிக்கு அரை நிமிடம் இருக்கையில் மூக்கைக் கிழக்கு அடிவானத்துக்குத் திருப்பி டெரியரை முழு வேகத்தில் எரியுங்கள். கிரகத்துக்குள்ளே கிடக்கிற பெரியாப்சிஸ், அதாவது பாதையின் ஆகத் தாழ்ந்த புள்ளி, மெல்ல மேலே ஏறி வரும். அது 70ஐத் தாண்டினால் சுற்றுப்பாதை.

மருமகனுக்கு அது 40 காட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. லப்டொப் பற்றரி எப்போதோ செத்துவிட்டது, செருகி வைத்தால்தான் ஓடும். இதைச் சொல்லாமல் விட மனமில்லை: எங்கள் தொடர்மாடிக் கொமிட்டி ஜெனரேட்டருக்கு என்று மாதாமாதம் காசு வாங்குகிறது, கரண்ட் போனால் லிஃப்டும் கார் பார்க் லைட்டும் மட்டும்தான் எரியும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டியபோதும் இதே கதை, பிள்ளைகள் மெழுகுதிரியில் படிக்க, கீழே கார்கள் வெளிச்சத்தில் நின்றன. கூட்டத்தில் எழும்பிக் கேட்டால் டீசல் விலையைச் சொல்கிறார்கள். காசு வாங்கும்போது மட்டும் டீசல் ஞாபகம் வருவதில்லை.

சரி. இரவு கரண்ட் வந்ததும் திரும்ப விட்டான், பெரியாப்சிஸ் 76இல் நின்றது. மெக்ஜெப் மொட் போட்டால் இதெல்லாம் தானாக நடக்குமே என்று சொல்ல வருபவர்களுக்கு: நடக்கும், தாராளமாகப் போடுங்கள், ஒருமுறை கையால் செய்த பிறகு.

கீழே இறங்க, எதிர்த்திசையில் எரித்துப் பெரியாப்சிஸை 30க்குக் கொண்டுவந்தால் மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். பரசூட்டை மட்டும் ஸ்டேஜ் வரிசையில் தனியாக, கடைசியாக வையுங்கள். அவனுடையது டெரியரோடு ஒரே ஸ்டேஜில் கிடந்தது. ஏவுமுன் நான் பார்த்துப் பிரித்து வைத்தபடியால்தான் அவனுடைய ஜெப் இன்னும் உயிரோடு இருக்கிறார்.