செம்பு விளிம்பில் ஏன் நிற்கிறது?

வணக்கம் தம்பி. மீக்கடத்தியான நியோபியம் படலத்தில் பாதிக்குச் செம்பு பூசி, 4.2 கெல்வினில் காந்தப்புலத்தை ஏற்றினால், வெற்றுப் பாதியில் மரக்கிளைபோல் பாயும் காந்தப்பாயம் செம்பு விளிம்பில் நின்றுவிடுகிறது, செம்பு வெப்பத்தை இழுத்துக்கொள்வதாலா என்று கேட்டிருந்தீர்கள்.

வெப்பமும் உண்டு, ஆனால் அது மட்டுமில்லை. காந்தப்பாயம் படலத்துக்குள் சின்னச் சின்னக் காந்தச் சுழல்களாக நுழைகிறது; ஒவ்வொரு சுழலும் 2.07 × 10⁻¹⁵ வெபர் பாயம் சுமக்கிறது. சுழல்கள் நகர்ந்தால் சூடு, சூட்டில் படலம் அவற்றைப் பிடித்துவைக்கும் பிடிமானம் தளரும், இன்னும் சுழல்கள் நுழையும். இப்படித்தான் நீங்கள் பார்த்த மரக்கிளைப் பாய்ச்சல், அதாவது சரிவு, பிறக்கிறது. அவ்வளவு வேகமாகப் பாயம் மாறும்போது மேலிருக்கும் செம்பில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, பாய்ச்சலையே எதிர்க்கிறது. மெதுவாக ஊரும் சுழல்களுக்கு இந்த பிரேக் தெரியவே தெரியாது.

கோத்தகிரியில் எங்கள் வீட்டு வெந்நீர்க் குழாய் மாற்றியபோது மிஞ்சிய செம்புத் துண்டில் நியோடிமியக் காந்தம் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். செம்பில் ஒட்டாத காந்தம், தேனுக்குள் இறங்குவதுபோல் மெல்ல இறங்கியது. அதே சங்கதிதான்.

உறுதிசெய்ய, பூசாத படலத்தின் மேல் மெல்லிய மைலார் (பிளாஸ்டிக்) தாள், அதன் மேல் செம்புத் தகடு வைத்து, புலம் ஏற ஏறக் காந்தமாக்கல் எப்படி மாறுகிறது என்ற வளைவை எடுங்கள். ஒவ்வொரு சரிவும் அதில் ஒரு தாவலாகத் தெரியும். தாள் வெப்பத்தைத் தடுத்தும் தாவல்கள் குறைந்தால் பிரேக்தான் காரணம்.

அப்புறம், நேரடிப் பூச்சில் கூப்பர் இணைகள் (மீக்கடத்தலைத் தரும் எலெக்ட்ரான் ஜோடிகள்) செம்புக்குள் கசியும், அதனால் மீக்கடத்தல் பலவீனமாகலாம். மெல்லிய படலமென்றால், மீக்கடத்தல் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலையை நியோபியத்தின் வழக்கமான 9.2 கெல்வின் என்று எடுத்துக்கொள்ளாமல், பூசிய பாதிக்குத் தனியே அளந்துவிடுங்கள். செம்பின் தடிமனையும் எழுதுங்கள், பூச்சு மெலிந்தால் பிரேக்கும் தளரும்.