மீந்த கறியில் மாவுச்சத்து குறைந்த கேசரோல்: தண்ணீர் விடாமல், கறி வறளாமல்

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரை நோய். மாத்திரை எடுக்கிறார், மாவுச்சத்தையும் குறைத்து வருகிறார். அவருக்குப் பிடித்த கேசரோலை (கறி, காய், சாஸ் சேர்த்து ட்ரேயில் வைத்து ஓவனில் சுடும் உணவு) விட மனமில்லாமல், உருளைக்கிழங்குக்குப் பதில் காலிஃப்ளவரும், மீந்திருந்த ரோஸ்ட் சிக்கனும் போட்டு ஓவனில் வைத்தேன். மைதா வேண்டாம் என்று பாலில் சீஸைப் போட்டுக் கொதிக்கவிட்டு மேலே ஊற்றினேன். அடியில் தண்ணீர் தேங்கிவிட்டது, சாஸ் திரிந்துபோனது, கறி நார்நாராக வறண்டுவிட்டது. எப்படிச் சரிசெய்வது? மீந்த கறியை எத்தனை நாள் வரை பயன்படுத்தலாம்?

பதில்: நீங்கள் தேர்ந்தெடுத்த பொருள்களில் பெரிய குறையில்லை. கிழங்கையும் மைதாவையும் எடுத்தபோது அவை செய்துகொண்டிருந்த வேலையும் சேர்ந்தே போய்விட்டது. கிழங்கில் இருக்கும் ஸ்டார்ச் வேகும்போது சுற்றியுள்ள நீரை உறிஞ்சிக்கொள்ளும். மைதா, சாஸில் உள்ள கொழுப்பும் நீரும் பிரிந்துபோகாமல் பிடித்துவைக்கும். இந்த இரண்டு வேலைக்கும் வேறு ஏற்பாடு செய்தால் போதும்.

முதலில் தண்ணீர். காலிஃப்ளவரில் ஏறக்குறைய 92 சதவீதம் தண்ணீர்தான். பச்சையாக ட்ரேயில் போட்டு மேலே சாஸை ஊற்றினால், வேக வேக விடும் நீர் ஆவியாகப் போக வழியில்லாமல் அடியில் இறங்கிவிடும். அதனால் அதைத் தனியாகச் சுட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பூக்களாகப் பிரித்து, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் புரட்டி, அகலமான ட்ரேயில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, 220 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம். ஓரங்கள் நன்றாகப் பழுப்பேற வேண்டும். நீர் குறைவதோடு, வேகவைத்த காலிஃப்ளவரில் வரவே வராத ஒரு கொட்டைச் சுவையும் இதில் வரும். தண்ணீரில் போட்டு வேகவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படித்தான் செய்தாக வேண்டும் என்றால் ஆவியில் வைத்து, ஆறியதும் சுத்தமான துணியில் கட்டி, சொட்டு நிற்கும்வரை பிழியுங்கள். சுக்கினி (வெள்ளரி போலிருக்கும் நீர்க்காய்) சேர்ப்பதானால் நறுக்கி உப்புத் தூவி 20 நிமிடம் வைத்துப் பிழிய வேண்டும். காளானை அதன் நீர் முழுக்க வற்றும்வரை வாணலியில் வதக்கிய பிறகே சேர்க்கலாம்.

அடுத்தது சாஸ். சீஸ் கொதிநிலைக்குப் போனால் அதன் புரதம் இறுகி, உள்ளே இருக்கும் கொழுப்பையும் நீரையும் வெளியே தள்ளிவிடும். திரிதிரியாகி, மேலே எண்ணெய் மிதப்பது இதனால்தான். மைதா இருந்தால் ஓரளவு தாங்கும், இல்லாதபோது சூட்டை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலுக்குப் பதில் கொழுப்பு நிறைந்த கெட்டி க்ரீம் வாங்குங்கள், அது எளிதில் திரியாது. 200 மில்லி க்ரீமை ஆவி எழும்வரை மட்டும் சூடாக்கி, 100 கிராம் க்ரீம் சீஸைக் கரையுங்கள். மைதாவின் இடத்தை நிரப்புவது இந்த க்ரீம் சீஸ்தான். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு, துருவிய சீஸ் 100 கிராமைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கலக்குங்கள். பாக்கெட்டில் துருவியே வரும் சீஸ் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதில் ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். கட்டியாக வாங்கி நீங்களே துருவினால் சாஸ் வழவழப்பாக வரும். இதையும் மீறித் திரிய ஆரம்பித்தால், அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த க்ரீமை ஊற்றி வேகமாக அடியுங்கள், பெரும்பாலும் கூடிவிடும்.

கறி வறண்டதற்கு ஒரே காரணம், ஏற்கெனவே வெந்ததை மறுபடியும் வேகவைத்தது. இந்த முறை அது சூடேறினால் போதும். முதல் சமையலிலேயே தசைநார் சுருங்கி நீரை விட்டாயிற்று. மீண்டும் நீண்ட நேரம் சூட்டில் இருந்தால் மிச்சமிருப்பதும் போய்விடும். அதனால் ஓவனில் இருக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் வழி. காலிஃப்ளவரும் சாஸும் சூடாக இருக்கும்போதே ட்ரேயை நிரப்பினால் 180 டிகிரியில் 20 முதல் 25 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கறியை நாருக்குக் குறுக்கே, விரல்நுனி அளவுக்கு நறுக்கி, முதலில் சாஸில் புரட்டிவிட்டு ட்ரேயில் பரப்புங்கள். மேலே துருத்திக்கொண்டிருக்கும் துண்டுதான் முதலில் காய்ந்துபோகும். கோழியில் நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறி இதற்கு நன்றாகத் தாங்கும். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி என்றால் மெதுவாக வேகவைத்த தோள்பகுதி அருமையாக வரும். ரோஸ்ட் செய்த பாத்திரத்தின் அடியில் ஃப்ரிட்ஜில் ஜெல்லிபோல் உறைந்த சாறு இருந்தால் தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். அது ஜெலட்டின். மேலே படிந்த கொழுப்பை எடுத்துவிட்டு சாஸில் கலந்தால் சுவையும் கெட்டித்தன்மையும் கூடும்.

மீந்த கறியில் ஒரு பழைய வாடை வருமே, அது கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்வதால் வருவது. காற்றுப் புகாமல் மூடிவைத்தால் குறையும். சாஸில் வதக்கிய பூண்டு, கொஞ்சம் ரோஸ்மேரி, ஒரு தேக்கரண்டி கடுகு பேஸ்ட் சேருங்கள். உப்பை மட்டும் கடைசியில் சுவைத்துப் பார்த்துப் போடுங்கள், கறியிலும் சீஸிலும் ஏற்கெனவே இருக்கிறது.

நாலு பேருக்கு அளவு இப்படி வைத்துக்கொள்ளலாம்: கறி 500 கிராம், பச்சைக் காலிஃப்ளவர் 750 கிராம், காளான் 200 கிராம், ஒரு சிறு வெங்காயம், மேலே சொன்ன சாஸ், மேலே தூவ இன்னும் 50 கிராம் சீஸ். ரொட்டித்தூளுக்குப் பதில் பொடித்த பாதாம் ஒரு கைப்பிடி. மூடி போடாமல், ஓரங்களில் குமிழி வந்து மேல்பக்கம் பொன்னிறமாகும்வரை வைத்து எடுங்கள். உடனே வெட்டாமல் 10 நிமிடம் விட்டால் சாஸ் இறுகிக்கொள்ளும்.

இதில் நார்ச்சத்து போக ஒருவருக்குச் சுமார் 12 கிராம் மாவுச்சத்து வரும். 750 கிராம் உருளைக்கிழங்கு போட்டிருந்தால் கிழங்கிலிருந்து மட்டுமே 28 கிராமுக்கு மேல். ஆனால் மீந்த கறி எப்படிச் சமைத்தது என்று பாருங்கள். தேன், பார்பிக்யூ சாஸ் தடவியது, ரொட்டித்தூளில் பொரித்தது என்றால் கணக்கு மாறிவிடும். சில சாசேஜ்களிலும் ஸ்டார்ச் சேர்க்கிறார்கள். இன்னொன்று, மாவுச்சத்து குறைவு என்பதால் கலோரியும் குறைவு என்று ஆகாது. க்ரீமும் சீஸும் கொழுப்பு நிறைந்தவை, அளவோடு பரிமாறுங்கள்.

உங்கள் கணவர் மாத்திரை எடுப்பதாகச் சொன்னதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இன்சுலினோ, உடலை அதிக இன்சுலின் சுரக்கவைக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மருந்து எடுப்பவர்களுக்கு மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், ரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோஅசிடோசிஸ் என்ற வேறோர் ஆபத்தும் உண்டு. மருத்துவரிடம் உணவு மாற்றத்தைச் சொல்லி, மருந்தளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

கறியை எத்தனை நாள் வைக்கலாம் என்ற கேள்விக்கு: சமைத்து 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் 4 டிகிரிக்குக் கீழே வைத்திருந்தால் 3 முதல் 4 நாள். மேசையில் இரவெல்லாம் இருந்த கறியை எறிந்துவிடுங்கள், மீண்டும் சூடாக்கினாலும் சில கிருமிகள் விட்டுவைத்த நச்சு போகாது. கேசரோலின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும், சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் குத்திப் பாருங்கள். 4 நாளுக்குள் செய்ய முடியாது என்று தெரிந்தால் கறியை மட்டும், அதன் சாறோடு சேர்த்து உறையவைத்துவிடுங்கள், 2 மாதம்வரை சுவை நன்றாக இருக்கும். செய்து முடித்த கேசரோலை உறையவைக்க வேண்டாம், உருகும்போது சாஸ் பிரிந்து தண்ணீர் விடும். மிச்சமிருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே, சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து ஒரே முறை நன்றாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.