சிங்கப்பூருக்கு வந்த அம்மாவும் புதுக் கைபேசியும்

கேள்வி: ஊரில் தனியாக இருந்த அம்மாவை (வயது 67) நீண்டகால வருகை அனுமதியில் சிங்கப்பூருக்கு அழைத்து வந்திருக்கிறோம். அவர் கொண்டுவந்த பட்டன் போனில் சிக்னலே வரவில்லை. ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தால், எதையாவது அழுத்திக் கெடுத்துவிடுவேனோ என்று தொடவே பயப்படுகிறார். பழைய இந்திய எண்ணை விட்டுவிடலாமா? எப்படிப் பழக்குவது?

பதில்: பட்டன் போனில் பழுது இருக்காது. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017லும் 3ஜி சேவை 2024லும் நிறுத்தப்பட்டுவிட்டன. அவற்றை மட்டுமே நம்பியிருக்கும் போன் இங்கே வேலை செய்யாது.

இந்திய எண்ணை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அம்மாவின் வங்கிக் கணக்கு, ஆதார், எரிவாயு இணைப்பு எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். 90 நாள் தொடர்ந்து பயன்பாடு இல்லாத எண்ணை நிறுவனம் முடக்கிவிடலாம். பிறகு அது வேறொருவர் கைக்கும் போகலாம். அந்த சிம்மைப் புதுப் போனின் இரண்டாவது இடத்தில் போட்டு, வெளிநாட்டு ரோமிங்கை இயக்கச் சொல்லுங்கள். ரீசார்ஜ் காலாவதி ஆகும் தேதியை உங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த சிம்மில் டேட்டா ரோமிங் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். அதற்கு வரும் அழைப்பை எடுத்தால் கட்டணம் உண்டு, குறுஞ்செய்தி வந்தால் பொதுவாக இல்லை. வாட்ஸ்அப்பையும் இந்திய எண்ணிலேயே தொடங்குங்கள். சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் இருப்பது அதுதானே.

அடுத்து, போனில் உள்ள எண்களை ஒருமுறை உட்கார்ந்து திருத்திவிடுங்கள். இங்கே எண்கள் எட்டு இலக்கம். கைபேசி எண்கள் 8 அல்லது 9இல் தொடங்கும். +91 இல்லாமல் பதிந்த பத்து இலக்க எண்ணை சிங்கப்பூர் சிம்மிலிருந்து அழைத்தால் ஊருக்குப் போய்ச் சேராது. சென்னை வீட்டு எண் 044 என்று இருந்தால், முன்னால் உள்ள பூஜ்யத்தை எடுத்துவிட்டு +91 44 என்று மாற்றுங்கள். பெரியவர்கள் “போன் கெட்டுப்போச்சு” என்று சொல்வதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

நான் அதிகம் கவலைப்படுவது மோசடி அழைப்புகளைப் பற்றி. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு முன்னால் “+” குறி தெரிய வேண்டும் என்று 2020 முதல் இங்கே ஏற்பாடு உள்ளது. உள்ளூர் அழைப்பில் அந்தக் குறி வராது. ஆகவே “போலீஸ் பேசுகிறோம்”, “குடிநுழைவு அலுவலகம்” என்று யாராவது பேசி, திரையில் +65 (சிங்கப்பூரின் நாட்டுக் குறியீடு) என்று இருந்தால், அது வெளிநாட்டிலிருந்து உள்ளூர் எண்போல் வேடமிட்டு வந்த அழைப்பு. இதை அம்மாவுக்கு வாயால் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். ஊரிலுள்ள ஒருவரைச் சாதாரண அழைப்பில் கூப்பிடச் சொல்லி, பிறகு நீங்களும் உங்கள் சிங்கப்பூர் எண்ணிலிருந்து கூப்பிட்டு, இரண்டு திரையையும் காட்டுங்கள். உங்கள் பெயரைப் பதியும் முன் செய்தால் எண் அப்படியே தெரியும்.

“+” இல்லை என்பதாலேயே ஓர் அழைப்பை நம்பிவிடவும் கூடாது. உள்ளூர் சிம் வைத்தும் ஏமாற்றுகிறார்கள். பணம் அனுப்பு, ஓடிபி சொல் என்று யார் கேட்டாலும் வைத்துவிட வேண்டும். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடி உதவி எண்ணைக் கூப்பிடலாம். உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டு வெளிநாட்டு அழைப்புகளையே தடுத்துவிடவும் முடியும். வாட்ஸ்அப் அழைப்புகள் வழக்கம்போல வரும்.

பழக்கும்போது போனை அவர் கையிலிருந்து வாங்காதீர்கள். நீங்கள் பத்து நொடியில் முடித்துக் கொடுத்தால் அவர் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார், பயம்தான் கூடும். முதல் வாரம் அழைப்பை எடுப்பது, வைப்பது, தங்கைக்கு வீடியோ அழைப்பு, இது போதும். தட்டச்சு வேண்டாம். விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து மைக்கை அழுத்தினால் அவர் பேசுவது எழுத்தாகிவிடும். எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள், தேவையில்லாத செயலிகளை முகப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பிறகு பஸ். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஐந்து இலக்க எண் எழுதியிருக்கும். அதை மைடிரான்ஸ்போர்ட் செயலியில் போட்டால் எந்த பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டும். வீட்டருகே உள்ள நிறுத்தத்தில் நின்று அவரையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா பகுதி) தனியாகப் போய் வர ஆசைப்படுபவராக இருந்தால், மற்ற எல்லாவற்றையும்விட இதை வேகமாகப் பிடித்துக்கொள்வார்.