நுகர்வோர் கேள்வி-பதில்: சூப்பர் ஹீரோ விளையாட்டும் அதற்குள் ஒரு கடையும்

இந்த வாரக் கடிதங்களுள் ஆறு, சூப்பர் ஹீரோ வீடியோ கேம்களைப் பற்றியவை. ஆறிலும் வருபவை 'லைவ் சர்வீஸ்' வகை விளையாட்டுகள். அதாவது, விற்ற பிறகும் பருவந்தோறும் புதிதாக எதையாவது சேர்ப்போம் என்று சொல்லி, விளையாட்டுக்குள்ளேயே ஒரு கடையையும் திறந்து வைக்கும் ஏற்பாடு.

பழைய டிஸ்க் கடையில் 'மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ்' 700 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை மூடிவிட்டார்கள் என்கிறான் தம்பி. வாங்கலாமா? – வாசகர், மதுரை

உங்கள் தம்பி சொல்வது பாதி உண்மை. 2020 செப்டம்பரில் வெளிவந்த அந்த விளையாட்டுக்கு 2023 மார்ச் 31 அன்று கடைசி அப்டேட் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 30 உடன் டிஜிட்டல் விற்பனையும் நின்றது. ஆனால் டிஸ்க் ஓடும். கமலா கான் என்ற இளம்பெண், பிரிந்துபோன வீரர்களைத் தேடித் திரட்டும் கதைப்பகுதியை நீங்கள் தனியாகவே ஆடி முடிக்கலாம். அது நன்றாகவும் இருக்கும். திரையில் வீரர்களுக்கு அணிவிக்க அதுவரை காசுக்கு விற்றுவந்த உடைகளை எல்லாம், அந்தக் கடைசி அப்டேட்டின்போது, விளையாட்டை வைத்திருக்கும் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஆகவே 2020இல் முழு விலை கொடுத்ததோடு நில்லாமல் ஒவ்வோர் உடைக்கும் தனியாகத் தண்டம் அழுதவர்களைவிட, 700 ரூபாய் கொடுக்கும் உங்களுக்கே, கொடுத்த காசுக்கு அதிகம் கிடைக்கும். ஸ்பைடர்மேன் வேண்டுமென்றால் பிளேஸ்டேஷன் டிஸ்க்தான் வாங்க வேண்டும். மற்ற கருவிகளில் அவர் இல்லை. எக்ஸ்பாக்ஸ் டிஸ்கை வாங்கிவிட்டு, ஸ்பைடர்மேனைக் காணோம் என்று எனக்கு எழுதாதீர்கள்.

'சூசைட் ஸ்குவாட்: கில் தி ஜஸ்டிஸ் லீக்' விளையாட்டை வெளிவந்த அன்றே முழு விலைக்கு வாங்கினேன். பிறகு விலை சரிந்துவிட்டது. வித்தியாசத்தைத் திருப்பிக் கேட்க வழி உண்டா? – வாசகர், கோவை

இல்லை.

அதே விளையாட்டின் 100 டாலர் பதிப்பை, மூன்று நாள் முன்னதாக ஆடலாம் என்பதற்காக வாங்கினேன். முதல் நாளே சர்வரை நிறுத்திவிட்டார்கள். கொடுத்த ஈடு நியாயமா? – வாசகர், நியூ ஜெர்சி

நியாயமே இல்லை, உங்கள் கோபம் என் கோபமும்தான். 2024 ஜனவரி 30 அன்று, உள்ளே நுழைந்த சிலருக்கு விளையாட்டு முழுவதும் முடிந்துவிட்டதாகவே திரை காட்டியது. அதைச் சரிசெய்வதற்காகச் சர்வரைப் பல மணி நேரம் நிறுத்தினார்கள். தனியாக ஆடுவதற்கும் இணைய இணைப்பு கட்டாயம் என்று வைத்திருந்ததால், காசு கொடுத்தவர் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே நின்றார்கள். ஈடாகக் கிடைத்தது 20 டாலர் மதிப்புள்ள லூதர்காயின், அதாவது அந்த விளையாட்டின் உள்கடையில் மட்டுமே செல்லும் நாணயம். முன்பணம் வாங்கிக்கொண்ட ஓட்டலில், சாப்பிட உட்கார்ந்த பிறகு சோறு தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை வரும்போது அப்பளம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று டோக்கன் கொடுப்பதைப் போன்றது இது. இணைப்பு இல்லாமல் ஆடும் வசதி 2024 டிசம்பரில்தான் வந்தது. அந்த மாதமே, 2025 ஜனவரிக்குப் பிறகு புதிய பருவம் எதுவும் வராது என்றும் அறிவித்துவிட்டார்கள்.

1,000 காயின் வாங்கினால் 100 காயின் இலவசம் என்று விளையாட்டுக்குள் 48 மணி நேரக் கடிகாரம் ஓடுகிறது. லாபம்தானே? – வாசகர், சேலம்

யாருக்கு? காயின் என்ற ஏற்பாட்டின் முதல் வேலையே, செலவாவது ரூபாய் என்பதை உங்களை மறக்கச் செய்வதுதான். ஓர் உடை 1,400 காயின் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதிகளோ 500, 1,100, 2,300 என்று இருக்கும். எப்படிக் கூட்டினாலும் சரியாக 1,400 வராது. 1,100ஐயும் 500ஐயும் வாங்கினால் 200 மிஞ்சும். அந்த 200க்கு உள்கடையில் ஒன்றும் வராது, அதைப் பணமாகத் திருப்பவும் முடியாது. ஆகையால் அதை வீணாக்க மனமில்லாமல் இன்னொரு பொதி வாங்குவீர்கள். மளிகைக் கடையில் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்தால் சண்டைக்குப் போகிற நாம், இதற்கு வாயே திறப்பதில்லை. இத்தனைக்கும் மிட்டாயையாவது தின்ன முடியும்.

இதைப் பேசுவதற்கு எனக்குத் தகுதி உண்டு. பெயர் சொல்ல விரும்பாத ஒரு விளையாட்டில், கடிகாரத்தைப் பார்த்துப் பதறி, இரவு பதினொரு மணிக்குப் பெரிய பொதி ஒன்றை வாங்கினேன். வாங்கிய உடையை நான்கு முறை போட்டிருப்பேன். சர்வரை நிறுத்திய நாளன்றும் திரையின் வலது மூலையில் என் கணக்கில் 180 காயின் என்று காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கடிகாரம் அடுத்த மாதம் மறுபடி ஓடியதைப் பிறகுதான் கவனித்தேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இணைய வணிகத்தின் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிடுகின்றன. அவற்றில் முதலாவது, பொய்யான அவசரத்தை உண்டாக்குவது.

காசுக்கு அலங்காரம் மட்டுமே விற்போம் என்ற வாக்கையும் நம்பாதீர்கள். அப்படிச் சொல்லிவந்த அவெஞ்சர்ஸ் விளையாட்டில், 2021 மார்ச்சில் வீரர்களின் நிலை உயர்வை, அதாவது ஆட ஆட அவர்கள் பலம் கூடுவதை, மெதுவாக்கப்போவதாக அறிவித்தார்கள்; அந்த ஆண்டு அக்டோபரில், நிலையை விரைவாக உயர்த்தும் பொருளைக் காசுக்கு விற்பனைக்கு வைத்தார்கள். வேகத்தைக் குறைத்தவர்களே வேகத்தை விற்றார்கள்! ஆடுபவர்கள் கொதித்தெழுந்த பிறகு, நவம்பரில் அதை எடுத்துவிட்டார்கள்.

எட்டு வயது மகன் என் கார்டில் 9,000 ரூபாய்க்கு உடைகள் வாங்கிவிட்டான். பணம் திரும்புமா? – வாசகி, சென்னை

எந்தத் தளத்தின் கணக்கிலிருந்து பணம் போனதோ அவர்களுக்கு இன்றே எழுதுங்கள். வாங்கியவன் சிறுவன் என்பதையும், பரிவர்த்தனை எண்களையும் குறிப்பிடுங்கள். முதல் தடவை என்றால் திருப்பித் தருவதும் உண்டு, ஆனால் அது உறுதியில்லை. பையனைத் திட்டுவதற்கு முன் ஒன்றை நினைத்துப் பாருங்கள் அம்மா: கார்டு எண்ணைக் கருவியில் சேமித்து வைத்தது அவன் அல்ல. அதை நீக்கிவிட்டு, ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றுங்கள்.

புதியது என்று சொல்லி விற்ற சிறப்புப் பதிப்புப் பெட்டியில் இருந்த உடைக் குறியீட்டை (விளையாட்டுக்குள் கூடுதல் உடையைத் திறக்கும் எண்) உள்ளிட்டால், ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று வருகிறது. "டிஸ்க் ஓடுகிறதல்லவா?" என்கிறார் கடைக்காரர். – வாசகர், திருச்சி

உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. பழைய பெட்டிக்கு உறை போட்டுப் புதியது என்று விற்றிருக்கிறார். கூடுதல் விலை அந்தக் குறியீட்டுக்காகத்தான் கொடுக்கப்பட்டது. பில்லையும், பெட்டியையும், மறுப்புச் செய்தி தெரியும் திரையையும் படம் எடுத்துக்கொண்டு, மாற்றித் தாருங்கள் அல்லது பணத்தைத் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். அதுவரை பெட்டியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று வாங்கி உள்ளே வைத்துக்கொண்டால் உங்கள் கையில் சாட்சி இருக்காது.