ஒரே தேரைக்கு மூன்று பெயர்: படத்தின் கீழ் எதை எழுதுவது?

கேள்வி: எங்கள் பள்ளியில் மழைக்காட்டு உயிரினங்களின் படக் கண்காட்சி வைக்கிறோம். அமேசான் குட்டித் தேரையின் படங்கள் மூன்று கிடைத்தன. ஒன்றில் டென்ட்ரோஃப்ரினிஸ்கஸ் மினுட்டஸ், இன்னொன்றில் அமேசோனெல்லா மினுட்டா, மற்றதில் அமேசோஃப்ரினெல்லா மினுட்டா என்று இருக்கிறது. எது சரி?

பதில்: முதல் சொல்லான பேரினப் பெயராக அமேசோஃப்ரினெல்லா என்றே போடுங்கள். ஆனால் படம் எடுத்த இடம் தெரியாமல் இரண்டாம் சொல்லான இனப்பெயரை 'மினுட்டா' என்று எழுதிவிடாதீர்கள்.

வடமேற்கு பிரேசிலின் வாவ்பேஸ் ஆற்றுப் பகுதியில் கிடைத்த இந்தத் தேரைக்கு 1941இல் விலங்கியலாளர் மெலின் வைத்த பெயர் அடெலோபஸ் மினுட்டஸ். பின்னர் அதை டென்ட்ரோஃப்ரினிஸ்கஸ் பேரினத்தில் சேர்த்தார்கள். அந்தப் பேரினப் பெயருக்கு அடிப்படையான இனம் பிரேசிலின் அட்லாண்டிக் கரையோரக் காட்டைச் சேர்ந்தது. 2012இல் ஆய்வாளர் ஃபூக்கே குழுவினர் மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டபோது, அமேசான் தேரைகளும் கரையோரத் தேரைகளும் வெகு காலத்துக்கு முன்பே பிரிந்துவிட்ட இரண்டு கிளைகள் என்று தெரிந்தது. அமேசான் கிளைக்கு அமேசோனெல்லா என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரோ ஏற்கெனவே ஒரு சிற்றுண்ணி வகைக்குச் சூட்டப்பட்டிருந்தது. விலங்குலகில் ஒரு பேரினப் பெயர் ஒன்றுக்குத்தான் செல்லும், முந்தியதே நிலைக்கும். அதனால் அதே ஆண்டிலேயே அமேசோஃப்ரினெல்லா வந்தது. உங்கள் இரண்டாவது படத்தின் பெயர் அந்தக் குறுகிய இடைவெளியில் பிறந்தது. யாரும் கற்பனையாக எழுதியதல்ல.

மினுட்டஸ் மினுட்டாவானது லத்தீன் இலக்கணப்படி: பேரினப் பெயர் பெண்பாலானால் இனப்பெயரும் அதற்கு இசைய வேண்டும். முழுப் பெயரை 'அமேசோஃப்ரினெல்லா மினுட்டா (மெலின், 1941)' என்று எழுதும்போது அடைப்புக்குறியை விடக் கூடாது. மெலின் வேறொரு பேரினத்தின் கீழ் விவரித்த இனம் இது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இனி இடம். அமேசான் முழுவதும் இலைச்சருகில் திரியும் இந்தத் தேரைகளில் வளர்ந்த ஆணே பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டருக்குள்தான். கூர்ந்த மூக்கு, பழுப்பு முதுகு. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். அதனால் எங்கே கிடைத்தாலும் மினுட்டா என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். புரட்டிப் பார்த்தால் வயிற்றின் நிறமும் கரும்புள்ளிகளின் அமைப்பும் ஊருக்கு ஊர் மாறுகின்றன. பிரேசிலின் மனௌஸ் நகரப் பகுதித் தேரை 2014இல் 'மனாவோஸ்' என்ற தனி இனமானது. 2018இல் பிரெஞ்சு கயானாவின் 'டெக்கோ', ஈக்வடாரின் 'சியோனா' ஆகியவையும் தனி இனங்களாகப் பிரிந்தன. ஆகவே பழைய படத்தில் பேரினப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டினால், பாதி திருத்திய தவறுதான் சுவரில் தொங்கும். என்னைக் கேட்டால் இனப்பெயர் இல்லாத அட்டையே அதைவிட மேல்.

மூன்று படங்களும் எங்கே எடுக்கப்பட்டவை என்று முதலில் விசாரியுங்கள். வெறுமனே 'அமேசான்' என்றுதான் பதில் வந்தால் 'அமேசோஃப்ரினெல்லா பேரினத்துத் தேரை' என்பதோடு நிறுத்துங்கள். வயிறு தெரியாத படத்தை வைத்து ஊகிக்க வேண்டாம். கீழே சிறிய எழுத்தில் 'முன்பு டென்ட்ரோஃப்ரினிஸ்கஸ்' என்று சேர்த்தால், பழைய நூல்களில் தேடும் மாணவருக்கு வழி கிடைக்கும்.